பீடிக்கட்டின் மேல் விழும் வரி யாருக்காக?

குடியாத்தத்தில் இருந்துகொண்டு போட்டித் தேர்வுக்குப் படித்துவரும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து என்னிடம் கேட்டிருக்கிறார். மது, சிகரெட், பீடி, சூதாட்டம் ஆகியவற்றின் மீது அரசு விதிக்கும் கூடுதல் வரிக்கு அடிப்படை ஒழுக்கமா, பொதுநலமா என்பது முதல் கேள்வி. ஒழுக்கம்தான் காரணம் என்றால் தடை செய்யாமல் ஏன் வரி வாங்க வேண்டும் என்பது இரண்டாவது. பொதுநலம்தான் காரணம் என்றால் சிகரெட்டுக்கு அவ்வளவு வரியும் பீடிக்கு இவ்வளவு குறைந்த வரியும் ஏன் என்பது மூன்றாவது. கடைசிக் கேள்வியைப் படித்ததுமே அவர் வீட்டிலும் யாரோ பீடி சுற்றுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. என் அம்மா இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பீடி சுற்றியவர். நான் பிற்காலத்தில் வணிகவரித் துறையில் சேர்ந்து, வேலூரிலும் சுற்றியுள்ள வட்டங்களிலும் பணியாற்றி ஓய்வு பெற்றேன். இந்த வரியை அதன் இரு முனைகளிலும் நின்று பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தம்பி, முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இந்த வரிகளைப் பெரும்பாலும் நடத்திச் செல்வது அரசின் பணத்தேவை. அந்தப் பணத்தை எதிர்ப்பில்லாமல் வாங்குவதற்கு ஒழுக்கம் வழிவிடுகிறது. குடிப்பவன் மீது வரியைக் கூட்டினால் ஊரில் அவனுக்காக யாரும் ஊர்வலம் போக மாட்டார்கள்; அரிசி விலையையோ பேருந்துக் கட்டணத்தையோ கூட்டினால் மறுநாளே சாலை மறியல் நடக்கும். பொதுநலம் என்ற நோக்கமே பொய் என்று நான் சொல்லவில்லை. அது உண்மையாக இருந்த இடங்களும் உண்டு, அவற்றையும் காட்டுகிறேன். ஆனால் ஒரு வரி எதற்காக விதிக்கப்பட்டது என்பதை, அதை அறிவிக்கும் நாளில் சொல்லப்படும் காரணத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. எதை அளவாகக் கொண்டு அது விதிக்கப்படுகிறது, வந்த பணம் எங்கே போகிறது, விற்பனை குறைந்தால் வசூலிப்பவருக்கு நிம்மதியா கவலையா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

குடியையும் சூதையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்பது நமக்குப் பழைய கேள்வி. திருக்குறளில் புலால் மறுத்தல் அறத்துப்பாலில் இருக்கிறது. கள்ளுண்ணாமையும் சூதும் 93, 94-ஆம் அதிகாரங்களாகப் பொருட்பாலில் இருக்கின்றன. இது ஏன் என்று எங்கள் தமிழாசிரியர் வகுப்பில் கேட்டு, விடை சொல்லாமலே மணி அடித்ததும் போய்விட்டார். குடியும் சூதும் ஒருவனுடைய தனிப்பட்ட பாவம் என்பதைக் காட்டிலும், அவன் வீட்டின் கைப்பொருளையும் நாட்டின் வலிமையையும் கரைப்பவை என்று வள்ளுவர் கருதினார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இப்படிப் பார்த்தால் கேள்வி குடிப்பவன் நல்லவனா கெட்டவனா என்பதிலிருந்து விலகி, அவன் குடிப்பதனால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதற்கு வந்துவிடுகிறது. பொதுநல வரி என்று பொருளியலில் சொல்வதும் இதைத்தான். ஒருவர் செயலால் மற்றவர் தலையில் விழும் செலவை அந்தப் பொருளின் விலையிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920-இல் எழுதினார். அதற்கு முன்பே, 1776-இல், ஆடம் ஸ்மித் சர்க்கரை, ரம், புகையிலை மூன்றையும் வரி விதிக்க மிகவும் ஏற்ற பொருள்கள் என்றார். அவர் சொன்ன காரணம் பாவமும் அன்று, நோயும் அன்று. பலரும் வாங்குகிறார்கள், ஆனால் எவருக்கும் அவை உயிர்வாழத் தேவையில்லை என்பதே.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். ஆங்கிலேயர் காலத்துச் சென்னை மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்தபடியாகக் கருவூலத்தை நிரப்பியது, ஆப்காரி என்று அழைக்கப்பட்ட கள், சாராய வரி. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று அது ஊர்தோறும் வேரூன்றியிருந்தது. 1937-இல் ஆட்சிக்கு வந்த ராஜாஜி, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939-இல் நம் வடஆர்க்காடு மாவட்டத்துக்கும் அது விரிந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட அதே 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நான் வேலை பார்த்த துறையின் பிறப்பே அதுதான். ஒழுக்கத்தின் பேரால் ஓர் அரசு தன் வருவாயை விட்டுக்கொடுத்து, அந்தச் சுமையைக் குடிக்காதவர்களும் சேர்ந்து சுமக்கட்டும் என்று வெளிப்படையாகக் கேட்ட காலம் அது. அந்தக் கொள்கையோடு ஒருவர் உடன்படலாம், மறுக்கலாம். அதன் நேர்மையை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை.

பிறகு நடந்ததை வேகமாகவே சொல்லிவிடலாம். 1943-இல் ஆளுநர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. முதல்வர் ஓமந்தூரார் காலத்தில், 1948-இல், மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1971-இல் கருணாநிதி அரசு தளர்த்தியது. 1974-இல் மீண்டும் கொண்டுவந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு கடைகளைத் திறந்தது. 1983-இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. மதுவிலக்கு இப்படிப் பலமுறை வந்து போயிற்று. அதற்காக வந்த விற்பனை வரி மட்டும் போகவே இல்லை. அது 2007-இல் மதிப்புக் கூட்டு வரியாகவும், 2017-இல் பெரும்பகுதி ஜிஎஸ்டியாகவும் உருமாறியது. குடிக்கும் மதுவோ ஜிஎஸ்டிக்கு வெளியே வைக்கப்பட்டதால், அதற்கு மாநிலத்தின் ஆயத்தீர்வையும் (உற்பத்தியின் மீதான வரி) மதிப்புக் கூட்டு வரியும் இன்றும் தொடர்கின்றன. 2023-24-இல் மதுவினால் தமிழ்நாட்டு அரசுக்குக் கிடைத்தது சுமார் 45,855 கோடி ரூபாய். அதில் ஆயத்தீர்வை 10,774 கோடிதான். மீதி 35,081 கோடியும் மதிப்புக் கூட்டு வரி. சாராய வருவாயை விட்டொழிப்பதற்காகப் பிறந்த வரியின் வழித்தோன்றல்தான் இன்று மது வருவாயின் நான்கில் மூன்று பங்கைத் திரட்டித் தருகிறது. பல ஆண்டுகள் அந்தத் துறையின் கணக்குகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில், இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தடை செய்யாமல் ஏன் வரி வாங்குகிறார்கள் என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கான பதிலில் பாதி இந்தத் தொகையிலேயே இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கி நடக்க வேண்டும் என்று அரசுக்கு வழிகாட்டுகிறது; ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியல், 51-ஆவது பதிவில், மதுவின் மீது தீர்வை விதிக்கும் உரிமையை அதே மாநிலத்துக்குக் கொடுக்கிறது. நம் மாநிலத்தில் இரண்டையும் கவனிக்கும் துறையின் பெயரே மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. மது விற்கப்படுவதும் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலங்கள் தாங்களாகவே விகிதத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய வரிகள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பெரியவை மதுவும் பெட்ரோல், டீசலும். எந்தக் கட்சி ஆண்டாலும் நிதிச் செயலரின் கை அங்கேதான் போகும்.

2003-ஆம் ஆண்டை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு 1968-இல் அரசே தொடங்கியது; "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அந்நாளைய வாசகம். கூலிப்பணத்தை அதில் தொலைத்த குடும்பங்கள் எத்தனையோ என்பதை வேலூர்ப் பழைய பேருந்து நிலையத்துச் சீட்டுக்கடைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அறிவார்கள். 2003 ஜனவரியில் பரிசுச்சீட்டு தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. இரண்டுமே கூலிக்காரரின் வீட்டைக் கரைப்பவை. ஒழுக்கமோ பொதுநலமோ ஒரே சீராக வேலை செய்திருந்தால், ஒரே ஆண்டில் ஒன்றை மூடி மற்றொன்றை விரித்திருக்க முடியாது. விட்டுக்கொடுக்கக்கூடிய வருவாய் எது, விட முடியாத வருவாய் எது என்ற கணக்கே அங்கே பேசியிருக்கிறது என்பது என் முடிவு.

உங்களை இந்தக் கேள்விக்குக் கொண்டுவந்தது பீடி என்று நினைக்கிறேன். எனவே அதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்காருவார். முந்தின இரவே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்த இலையைத் தகட்டு அளவுக்குக் கத்தரியால் வெட்டி, அதில் ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூளை வைத்து, இரு கட்டைவிரல்களாலும் உருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்டுவார். இருபத்தைந்து பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. பள்ளி விட்டு வந்ததும் நானும் அக்காவும் இலை வெட்டிக் கொடுப்போம். மாலையில் கம்பெனிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனால், கணக்குப்பிள்ளை ஒவ்வொரு கட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, தளர்ந்ததையும் இலை கிழிந்ததையும் கழித்துவிடுவார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. அதற்கான இலையும் தூளும் போதாமல் போனால் அடுத்த நாள் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கங்களில் இப்படித் திண்ணையில் நடந்த பள்ளிக்கூடக் கணக்கும் கல்யாணக் கணக்கும் எவ்வளவோ உண்டு.

இந்தத் தொழிலாளர்களுக்காக 1976-இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, பீடித் தயாரிப்பின் மீது ஒரு சிறு தீர்வை விதித்தது. மற்றொன்று, அந்தத் தீர்வையைப் பீடித் தொழிலாளர் நல நிதியாக்கி, அவர்களுடைய மருந்தகத்துக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் செலவிடச் சொன்னது. கடைசிக் காலத்தில் அந்தத் தீர்வை ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய். நான் படித்த நாளில் அதைவிடக் குறைவு. நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு அந்த உதவித்தொகை எனக்குக் கிடைத்தது. தொகை சிறியதுதான். ஆனால் தேர்வுக் கட்டணத்துக்காக அம்மா கம்பெனிக் கடையில் முன்பணம் கேட்டு நிற்க வேண்டிய அவசியம் அந்த ஆண்டு ஏற்படவில்லை. புகைக்கிறவர் ஒருவர் எங்கோ வாங்கிய பீடிக்கட்டின் விலையிலிருந்து ஒரு சிறு துளி, அதைச் சுற்றியவளின் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்காகப் போகிறது என்ற இரண்டும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்ததால், இதை நான் தயக்கமில்லாமல் பொதுநல வரி என்பேன். 2017-இல் ஜிஎஸ்டிக்கு வழிவிடுவதற்காகப் பல தீர்வைகளோடு சேர்த்து இதையும் நீக்கிவிட்டார்கள். நல நிதிக்கு அதோடு தனி வருவாய் இல்லாமல் போயிற்று. நலத்திட்டங்கள் ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்படும் தொகையை எதிர்பார்த்து நிற்கின்றன. பீடியின் மீதான வரியோ அப்போது குறையவில்லை, 28 விழுக்காடாக நின்றது. வரி பெரிதானபோது அதனோடு கட்டப்பட்டிருந்த நோக்கத்தின் கயிறு அறுந்துவிட்டது.

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் விகிதங்களைத் திருத்தியபோது, சிகரெட், பான்மசாலா போன்றவற்றுக்கு 40 விழுக்காடு என்ற உச்ச அடுக்கைத் தீர்மானித்தது. பீடியை 28-இலிருந்து 18 விழுக்காட்டுக்கும், பீடி இலையை 18-இலிருந்து 5 விழுக்காட்டுக்கும் இறக்கியது. இதைக் கடை விலையில் வைத்துப் பாருங்கள். வரிக்கு முன் 100 ரூபாய் மதிப்புள்ள பீடிக்கு முன்பு 128 ரூபாய் கொடுத்தோம். விலையில் வரியின் பங்கு ஏறக்குறைய 22 விழுக்காடு. இப்போது 118 ரூபாய். வரியின் பங்கு 15 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். புகையிலைப் பொருள்களின் சில்லறை விலையில் வரி குறைந்தது 75 விழுக்காடாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் நாட்டில் சிகரெட் பிடிப்பவரைவிடப் பீடி பிடிப்பவரே அதிகம். 2016-17-இல் எடுக்கப்பட்ட நாடு தழுவிய புகையிலைக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 7.7 விழுக்காட்டினர் பீடியும் 4 விழுக்காட்டினர் சிகரெட்டும் பிடிப்பதாகத் தெரிந்தது. பீடி இயற்கை இலையில் சுற்றியது, அதனால் அவ்வளவு கெடுதல் இல்லை என்று ஊரில் சொல்வது தவறு. அணையாமல் இருக்க அதை அடிக்கடி இழுக்க வேண்டும். தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில் சிகரெட்டைவிடக் குறைவில்லை, கூடுதலே. நோய்க்கு ஏற்ப வரி என்றால் பீடிக்கு இந்த விகிதம் எந்தக் கணக்கிலும் வராது.

அப்படியானால் அது சுற்றும் பெண்களின் நலனுக்காகவா? அப்படித்தான் சொல்லப்படுகிறது, எங்கள் அம்மாவை நினைத்தால் எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் சுற்றுக்கூலி வரி விகிதத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை. பத்து விழுக்காடு குறைந்ததில் எத்தனை பைசா திண்ணைக்கு வந்தது என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். கலால் வரி இருந்த நாளில் ஆண்டுக்கு 20 லட்சம் பீடி வரை கையால் செய்பவருக்கு விலக்கு இருந்தது. அதன் நோக்கம் சிறு உற்பத்தியாளரைக் காப்பது. நடைமுறையில் பெரிய உரிமையாளர்கள் உற்பத்தியைப் பல பெயர்களில் பிரித்துக் காட்டுவதற்கு அது இடம் கொடுத்தது. துறையில் இருந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. அந்த விலக்கால் சுற்றுபவருக்குக் கிடைத்தது, இன்ன கம்பெனியில் வேலை செய்கிறேன் என்று காட்ட ஒரு சீட்டுக்கூட இல்லாத நிலைதான். வேலை செய்ததற்குச் சான்று இல்லையென்றால் வைப்பு நிதியும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை.

நோயின் அளவுக்கும் வரியின் அளவுக்கும் தொடர்பில்லை என்பது பீடியோடு முடிவதில்லை. சிகரெட்டுக்கான தீர்வையை நம் நாட்டில் நீளத்தை வைத்து நிர்ணயிக்கிறார்கள். 65 மில்லிமீட்டர் வரை ஒரு விகிதம், அதற்கு மேல் வேறு விகிதம். அதிக விலை கொடுக்கக்கூடியவரை அடையாளம் காண நீளம் உதவும்; நுரையீரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. காற்றடைத்த குளிர்பானங்களுக்கும் உச்ச விகிதம் 40 விழுக்காடு. சர்க்கரையால் வரும் கேட்டுக்காக என்றால், சர்க்கரையே சேர்க்காத பானத்துக்கும் அதே 40 ஏன்? பிரிட்டனில் 2018 ஏப்ரலில் குளிர்பானத்துக்கு ஒரு தீர்வை கொண்டுவந்தார்கள். 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரியே இல்லை. 5 கிராமுக்கு ஒரு விகிதம், 8 கிராமுக்கு அதைவிடக் கூடுதல். வரி தொடங்குவதற்கு முன்பே நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டதால், முதலில் எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. வருவாய் குறைந்ததையே அங்கே அந்த வரியின் வெற்றியாகப் பேசினார்கள். நான் மேலே சொன்ன மூன்றாவது சோதனை இதுதான். நம் மாநிலத்தில் எந்த ஆண்டாவது மது வருவாய் குறைந்தது என்று சட்டமன்றத்தில் மேசையைத் தட்டி வரவேற்றதை நான் கேட்டதில்லை.

இவ்வளவு சொன்னதால், இந்த வரிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புகையிலையைப் பொறுத்தவரை வரி வேலை செய்கிறது. விலை 10 விழுக்காடு கூடினால் நம்மைப் போன்ற நாடுகளில் பயன்பாடு ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. குறிப்பாக இளைஞர்கள் தொடங்காமல் இருக்க விலை உதவுகிறது. 2017-18-இல் புகையிலையால் வந்த நோயும் இறப்பும் நாட்டுக்கு ஏற்படுத்திய பொருளிழப்பு 1,77,341 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் ஒரு காலை நேரம் நின்றால் இந்தத் தொகையின் பொருள் விளங்கும்: வாயில் துணியை அழுத்திக்கொண்டு ஒருவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு மனைவி, கையில் கோப்பு, கழுத்தில் இருந்த நகை அடகுக்கடையில். புகைப்பவர் சீக்கிரம் இறந்துவிடுவதால் ஓய்வூதியச் செலவு மிச்சம், எனவே அவர் அரசுக்குச் சுமை இல்லை என்று சில பொருளியலாளர்கள் வாதிடுவதுண்டு. ஓய்வூதியமே இல்லாத மக்களைப் பற்றிப் பேசும்போது அந்த வாதத்துக்கு இங்கே இடமில்லை. இடம் இருந்தாலும் அதை நான் வாயால் சொல்ல மாட்டேன்.

மது அப்படியன்று. அங்கே வரியை யார் கட்டுகிறார் என்பதையே மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை கூலி வாங்கியவர் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு குவார்ட்டர் வாங்குகிறார். விலை இருபது ரூபாய் கூடினால் அவர் பெரும்பாலும் குவார்ட்டரைக் குறைப்பதில்லை. வீட்டுக்குக் கொடுப்பதில் இருபது ரூபாயைக் குறைக்கிறார். ரசீதில் வரி கட்டியவர் அவர். உண்மையில் கட்டியவள் எண்ணெயும் பருப்பும் குறைத்துக்கொண்ட அவர் மனைவி. குடிப்பவனுக்குத் தண்டனை என்று ஒழுக்கம் பேசுபவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பழக்கம் முற்றியவருக்கு விலையால் மட்டும் விடுதலை கிடைக்காது. மருத்துவமும் ஆலோசனையும் வேண்டும். 45,855 கோடி வாங்கும் இடத்தில், குடிநோய் மருத்துவத்துக்கு இவ்வளவு என்று சட்டத்தால் கட்டிவைக்கப்பட்ட ஒரு பங்கு இருக்க வேண்டாமா என்பதுதான் நான் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி.

வரியை ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதையும் நம் மாவட்டம் அறியும். அணைக்கட்டு வட்டத்து மலைகளில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் வைத்திருந்ததைக் காவல்துறை கொட்டி அழித்தது என்ற செய்தி எத்தனை ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பாக்கெட்டைத் தேடிப் போனவர்களில் பெரும்பாலோர் கடை மதுவை வாங்க முடியாத கூலித் தொழிலாளர்கள். காட்பாடியிலிருந்து சித்தூர் சாலையில் கிறிஸ்டியான்பேட்டைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு விலை. ஆந்திரத்தில் 1995 முதல் 1997 வரை முழு மதுவிலக்கு இருந்தபோது அங்கிருந்து ஆட்கள் இந்தப் பக்கம் வந்து குடித்துவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே ஆந்திரம் 2020 மே மாதத்தில், குடியைக் குறைப்பதற்காக என்று சொல்லி மது விலையைச் சில நாள்களுக்குள் மொத்தம் 75 விழுக்காடு உயர்த்தியது. 2024-இல் ஆட்சி மாறிய பிறகு, அக்டோபரில் 99 ரூபாய்க்குக் குவார்ட்டர் வந்தது. இரு அரசுகளும் மக்கள் நலனையே காரணமாகச் சொன்னார்கள். எல்லை ஊரில் இருப்பவர்களுக்கு நான்கரை ஆண்டுகளில் இரண்டு விதமான மக்கள் நலம் அறிமுகமாயிற்று. அண்டை மாநிலங்கள் கலந்து பேசாமல் ஒரு மாநிலம் மட்டும் மது விலையை ஏற்றினால் எந்த நோக்கமும் சாவடியைத் தாண்டி உயிரோடு போகாது.

சரியாகச் செய்யப்பட்ட ஒன்றையும் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். காலி மதுப்பாட்டில்கள் காட்டில் வீசப்பட்டு, உடைந்து, யானையின் காலைக் கிழிப்பது பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால், 2022-இல் நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டில் வாங்கும்போது கூடுதலாக 10 ரூபாய் கொடுக்க வேண்டும். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பிறகு அது வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடிப்பது பாவமா என்ற பேச்சே அதில் இல்லை. தீங்கு எது என்று தெளிவாகத் தெரிகிறது, தொகை அந்தத் தீங்கோடு மட்டும் கட்டப்பட்டிருக்கிறது, அரசு அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள ஆசைப்படவும் இல்லை. பத்து ரூபாய்த் திட்டம்தான், ஆனால் பொதுநல வரி என்றால் என்ன என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

பிலிப்பைன்ஸ் 2012-இல் புகையிலை, மது வரிகளை ஒருசேர உயர்த்தியபோது, கூடுதலாக வந்த பணத்தின் பெரும்பகுதியை ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கும், ஒரு பகுதியைப் புகையிலை விளையும் மாகாணங்களில் விவசாயிகள் வேறு பயிருக்கும் வேறு தொழிலுக்கும் மாறுவதற்கும் சட்டத்திலேயே ஒதுக்கியது. உங்கள் மூன்றாம் கேள்விக்கு என் பதில் இதையொட்டியதே. பீடிக்கு வரி உயர வேண்டும். பிடிப்பவரின் நுரையீரல் ஏழையுடையது என்பதற்காக அதன் மதிப்பு குறைந்துவிடாது. உயர்த்தும் வரியில் ஒரு பங்கு, 1976-இல் இருந்ததைப் போலச் சட்டத்தால் கட்டப்பட்டு, சுற்றும் பெண்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் போய்ச் சேர வேண்டும். சுற்றுபவர்களில் பெரும்பாலோர் இந்த வேலையில் தங்கள் மகளை உட்கார வைக்க விரும்புவதில்லை. தூளை முகர்ந்து முகர்ந்து எங்கள் அம்மாவுக்கு வந்த இருமல், வேலையை விட்ட பிறகும் நிற்கவில்லை. புகையிலையால் நோயுற்றவர் கணக்கில் பிடிப்பவரை எழுதுகிறோம், சுற்றியவரை எழுதுவதில்லை.

கடைசியாக ஒன்று, தம்பி. தீர்வை போய்விட்டாலும் கல்வி உதவித்தொகை நின்றுவிடவில்லை. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் வழியாக, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கும் முறையில் அது தொடர்கிறது. வீட்டில் பீடி சுற்றுபவரிடம் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா, அதில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் படிக்கிற தம்பியோ தங்கையோ இருந்தால், விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிடாதீர்கள்.